சத்தம் புகாத அறை

அந்தக் கட்டடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் அவன்தான்.

"இதுல உட்காருங்கக்கா. அந்த நாற்காலி ஒரு கால் ஆடும்" என்றான். கையில் எண்ணெய்க் கறை, முகம் நிறையச் சிரிப்பு. வரவேற்பு மேஜைமேல் படிந்திருந்த தூசியைக்கூடத் தன் துணியால் துடைத்துவிட்டான். நான் "ரொம்ப நன்றி தம்பி" என்றேன். வீட்டுக்குப் போனதும் அந்த வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். என் தங்கையைக் கொன்றவனைத் தம்பி என்று கூப்பிட்டால் கசக்காமல் என்ன செய்யும்?

கொன்றான் என்று நான்தான் சொல்கிறேன். காகிதத்தில் இருப்பது வேறு. படியில் கால் தவறி விழுந்தாள், தலையில் அடி, அவ்வளவுதான். அவள் விழுந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லையாம்.

ஒன்பது மாடிக் கட்டடம் அது. ரொம்பப் பழசு. நடுவில் தரையிலிருந்து உச்சிவரை இரும்பு வலைக்கூண்டு, அதற்குள் லிஃப்ட். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டு. பகலிலும் படியில் வெளிச்சம் பற்றாது. கிரீஸும் ஈரத் தூசியும் கலந்த ஒரு வாடை எப்போதும் மூக்கில் இருக்கும். லிஃப்ட் ஏறும்போது கம்பிவடம் முனகும், இறங்கும்போது வேறு மாதிரி முனகும். வந்த புதிதில் யாரோ நோயாளி புரண்டு படுக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

ஆறாவது மாடியில் காது ஆஸ்பத்திரி. என் தங்கை அங்கேதான் வேலை பார்த்தாள். வீட்டில் அவளைக் குட்டி என்போம். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. அதற்கென்று அங்கே ஒரு சின்ன அறை உண்டு, வெளிச்சத்தம் துளியும் உள்ளே புகாத அறை. கனமான கதவு, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். வந்தவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். ஹெட்போனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் வெளியே குட்டியின் மேஜையில் ஒரு விளக்கு எரியும். அது எரிவதை வைத்து அவள் குறித்துக்கொள்வாள்.

அவன் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிறவன். தங்கமான பையன், தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவன் பெயரே தங்கம் ஆகிவிட்டது. ஒன்பது மாடிக்கும் அவன் செல்லப்பிள்ளை. யாருக்கு மூட்டை தூக்க வேண்டும், யாருக்கு பல்பு மாற்ற வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு வருவான்.

குட்டி தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நடுவழியில் நிற்கும். உடனே இன்டர்காமில் அவன் குரல் வரும்: "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல." வந்து திறந்து இறக்கிவிடுவான். அதன்பிறகு, போகிற போக்கில், அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடமே சொல்வான்.

ஒரு நாள் போனில் அழுதாள். "அக்கா, லிஃப்ட்ல நான் மட்டும்தான் இருந்தேன். செருப்பு கடிக்குது, வேற வாங்கணும்னு எனக்குள்ளயே முணுமுணுத்தேன். மறுநாள் 'புது செருப்பு வாங்கலையா'ன்னு கேக்கறான். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாக்கா?"

நான் அவளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "தொட்டானா?"

"இல்லை."

"மிரட்டினானா?"

"இல்லை."

"செருப்பு வாங்கலையான்னு கேட்டான். அதானேம்மா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குட்டியும் அவமானம் தாங்காமல் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு லிஃப்டில் போவதையே விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கினாள். அந்தப் படியில்தான் விழுந்தாள். காது டாக்டரம்மாவுக்கு மட்டும் நான் யார் என்று தெரியும். வேலை கேட்டு அவரிடம் போய் நின்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிச் சேர்த்துவிட்டார். குட்டி அம்மா ஜாடை, நான் அப்பா ஜாடை. அதனால் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

என் திட்டம் ஒன்றும் பெரிதில்லை. அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். பிறகு அவன் அழ வேண்டும்.

இந்த மாதிரி ஆட்கள் என்றால் சிவந்த கண்ணும் பரட்டைத் தலையுமாக இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மண்ணாங்கட்டி! இவன் தலையை வழித்து வாரி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவான். தேநீர் வந்தால் முதல் கோப்பையை என் பக்கம் தள்ளுவான். நான் சிரித்துப் பேசினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் தானாகவே ஆரம்பித்தான்.

"இங்க ஒரு பொண்ணு இருந்துச்சுக்கா. ஆறாவது மாடில. எங்களுக்குள்ள ஒரு இது இருந்துச்சு."

"பேசிக்குவீங்களா?"

"பேச மாட்டா. வெட்கம்."

"பிடிக்கலைன்னு சொன்னாளோ?"

"வாயால சொல்லுவா. மனசுல அப்படி இல்லக்கா. போலீஸுக்குக்கூடப் போச்சு. அவங்கக்கா ஒருத்தி இருக்காளாம், அவ தூண்டிவிட்ருப்பா."

அன்றைக்குத்தான் எனக்கு அவனைப் புரிந்தது. அவள் வேண்டாம் என்றால் அவனுக்கு அது வெட்கம். கோபப்பட்டால் உரிமை. பேசாமல் போனால் மனதுக்குள் பேசுகிறாள். காவல் நிலையத்துக்குப் போனால் அக்காவின் வேலை. அவள் எதைச் செய்தாலும் அவன் காதில் ஆமாம் என்று மட்டுமே விழுந்திருக்கிறது. அவனோடு வாழ்ந்த ஒரு குட்டியை அவனே தலைக்குள் செய்துவைத்திருந்தான். உண்மையான குட்டி எதிரே நின்று கத்தினாலும் அவனுக்கு இடைஞ்சல்தான்.

நானும் அவன் பின்னால் திரிந்தேன். எப்போது சாப்பிடுகிறான், எந்தப் படியில் நின்று போன் பேசுகிறான், எந்தச் சட்டைக்கு எந்தப் பொத்தான் இல்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருவருக்குத் தெரியாமல் அவரைத் தெரிந்துவைப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அதை நானும் கண்டுகொண்டேன். சீ என்று இருந்தது.

ஆனால் அப்படித் திரிந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

மத்தியானம் ஒரு நாள் அவனைக் காணவில்லை. லிஃப்ட் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் மேஜையை விட்டெழுந்து இரண்டாவது மாடிவரை படியேறி, கூண்டு வலைக்குள் பார்த்தேன். லிஃப்ட் பெட்டி மெல்ல என் கண்மட்டத்துக்கு வந்து, தாண்டி இறங்கியது. அதன் கூரை தெரிந்தது.

கூரைமேல் அவன் படுத்திருந்தான்.

குப்புறப் படுத்து, காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டையில் காதை வைத்திருந்தான். கண் மூடியிருந்தது. அம்மா மடியில் தூங்குகிற பிள்ளைக்கு இருக்குமே, அப்படி ஒரு நிம்மதி முகத்தில். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. குட்டியின் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணின் குரல் அது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் குட்டியின் தலைக்கு மேல், ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப்பக்கம், இவன் இப்படித்தான் படுத்திருந்தான். அவள் பெருமூச்சு விட்டதையும் மூக்கை உறிஞ்சியதையும்கூடக் கேட்டிருக்கிறான்.

நேரே மேனேஜரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் லிஃப்ட் மேலதாம்மா ஏறுவான். பின்ன என்ன, ஆகாயத்துலயா ஏறுவான்?"

"ஆள் உள்ள இருக்கும்போது ஏன் சார் ஏறணும்?"

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்க வேணாமா? தங்கமான பையன்மா. நீ வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது." குரலில் ஒரு எச்சரிக்கை இருந்தது. என் வேலையை அவர் ஒரு விரலால் தூக்கிவிட முடியும். வேலை போனால் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. தனியா இருக்கும்போது வாய்விட்டுப் புலம்பினேன். நேத்து 'அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்டான்."

"வேற வேலை பார்த்துக்கிட்டுப் போயிடும்மா."

"நான் எதுக்குக்கா போகணும்?" என்றாள். கண்ணில் தண்ணீர், குரலில் கோபம். எனக்குக் குட்டி நின்று பேசுவது போலிருந்தது. இவளையும் படியிலிருந்து பிணமாகத் தூக்கிப் போகும்படி விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். அவன் என் மேஜையருகே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் லிஃப்ட் இன்டர்காமின் விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

"அக்கா." அந்தப் பெண்ணின் குரல், மூச்சோடு மூச்சாக. "மேல படுத்திருக்கான். கூரை அமுங்குது."

நான் அவனைப் பார்த்தேன்.

அவன் தேநீரை ஊதிக் குடித்தான்.

"நல்லாப் பாரும்மா" என்றேன்.

"தலைக்கு மேலதான்க்கா. மூச்சு விடற சத்தம் கேக்குது."

ஸ்பீக்கரில் அது அவன் காதிலும் விழுந்தது. கோப்பை பாதி வழியில் நின்றது. நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். கம்பிவடம் முனகிக்கொண்டே இறங்கியது. அவ்வளவு நாளும் நான் கேட்டுப் பழகிய முனகல் இல்லை அது. கூண்டிலிருந்து ஒரு குளிர் வந்து காலைத் தொட்டது. அதோடு ஒரு வாசனை. காது துடைக்கிற ஸ்பிரிட்டின் வாசனை. குட்டி வேலை முடிந்து வந்தால் அவள் விரலில் அதுதான் இருக்கும்.

பெட்டி தரைக்கு வந்து கதவு திறந்தது. அந்தப் பெண் நிதானமாக வெளியே வந்தாள். என்னருகே குனிந்து, "முதல்ல பயந்துட்டேன். அப்புறம் பயமா இல்லக்கா. யாரோ காவலுக்கு இருக்கற மாதிரி இருந்துச்சு" என்று கிசுகிசுத்தாள்.

அவன் கோப்பையை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு படியேறினான். ரொம்ப நேரம் கழித்து வந்தான். முழங்காலில் கிரீஸ். முகம் வெளுத்திருந்தது. இனி வாழ்நாளுக்கும் இந்தக் கட்டடத்துப் பக்கம் வரமாட்டான் என்று நினைத்தேன். எனக்கு மனம் குளிர்ந்தது.

அவன் சிரித்தான்.

"வந்துட்டாக்கா" என்றான். "அவ வந்துட்டா. என் பக்கத்துல படுத்தா. காதுல பேசினா."

"என்ன பேசினா?"

"சரியாக் கேக்கல. ஒரே இரைச்சல். ஆனா பேசினா." அவன் கண் கலங்கியிருந்தது. "செத்தும் என்னை விடல பாருங்க. நான்தான் சொன்னேனே, அவளுக்கும் என்மேல இருந்துச்சுன்னு."

அடப்பாவி! பேயையும் இவன் தன்மேல் ஆசைப்பட்டவளாக ஆக்கிக்கொண்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. அவன்மேல் மட்டுமில்லை, அவள்மேலும். பால்வாடை மாறாத வயதிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அவள் போன பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறேன். என்னிடம் வரவில்லை. இந்த நாயிடம் போய்ப் பேசுகிறாள்.

அதன்பிறகு அவன் யாருடைய லிஃப்டையும் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. எந்நேரமும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தான். நின்ற இடத்தில் "என்ன?" என்பான். "இன்னொரு தரம் சொல்லு" என்பான். ஆட்கள் சிரித்தார்கள், தங்கத்துக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். நாளாக ஆக மெலிந்தான். சட்டை மடிப்பு கலைந்தது. நடக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காக்கா" என்றான் ஒரு நாள். "நான் ரூம்ல தனியா என்ன பண்றேன், என்ன நினைக்கிறேன், எல்லாத்தையும் சொல்றா. அது மட்டும் கேக்குது. மத்தது கேக்கல. கடைசியா ஒன்னு சொல்றா, அதைத்தான் பிடிக்க முடியல."

"பயமா இருக்கா?"

"பயமா? எனக்கு எதுக்கு?" என்றவன் மேஜையின் இந்தப் பக்கம் வந்து சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டான்.

சுற்றியிருக்கிற சத்தம்தான் இடைஞ்சல் என்று அவனே முடிவு செய்தான். சத்தமே இல்லாத ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அவள் சொல்வது தெளிவாகக் கேட்கும். அப்படி ஓர் இடம் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. டாக்டரம்மாவிடம் போய், காதில் இரைச்சல், சோதிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

"நீங்களும் வாங்கக்கா" என்றான். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

போனேன். போகாமல் இருப்பேனா?

நோயாளிகள் எல்லாரும் போயிருந்தார்கள். வெளியே மழை. டாக்டரம்மா ஒரு பக்கம், கருவியின் முன்னால் அந்தப் பெண், கதவருகே நான். அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிவிட்டு, பட்டனைக் கையில் கொடுத்து, அவன் கண்ணைப் பார்க்காமல் வெளியே வந்தாள். நான் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினேன். சாத்தியதும் உள்ளே இருந்த சத்தம் அத்தனையும் செத்தது. கண்ணாடியில் அவன் முகம் மட்டும் தெரிந்தது.

ஆசையோடு காத்திருந்தான்.

விளக்கு எரிந்தது.

"நான் இன்னும் ஒன்னும் போடலையே" என்றாள் அந்தப் பெண்.

விளக்கு மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. உள்ளே அவன் கட்டைவிரல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அமுக்கினான். அந்தப் பெண் கருவியின் பிளக்கைப் பிடுங்கி எங்களுக்குக் காட்டினாள். விளக்கு நிற்கவில்லை.

எரிந்தது. அணைந்தது. ஒரே சீராக. யாரோ நடப்பது போல.

யாரோ படியில் இறங்குவது போல.

எனக்குப் புரிந்துவிட்டது. அது குட்டியின் காலடி.

அறையின் கூரைப் பலகையிலிருந்து தூசி உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது. அவன் நிமிர்ந்தான். பலகை மெல்லத் தாழ்ந்தது, ஓர் ஆள் கனத்துக்கு. மேலே யாரோ குப்புறப் படுத்துச் சௌகரியம் பார்த்துக்கொள்வது போல அது அசைந்து அசைந்து நின்றது.

அவன் சிரிப்பு போனது.

விளக்கு வேகமெடுத்தது. இறங்கியவள் ஓட ஆரம்பித்திருந்தாள். அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். எறிந்த பிறகும் அவன் விரல் அமுக்கிக்கொண்டேயிருந்தது. இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்தான். முடியவில்லை. எழுந்து வந்து கதவில் மோதினான். வாய் பெரிதாகத் திறந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

"திறங்க" என்றார் டாக்டரம்மா.

கைப்பிடி என் கையில் இருந்தது.

"திறங்கம்மா!"

"உள்ள இருக்கற மைக்கைப் போடுங்க டாக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

"அக்கா, திறங்கக்கா" என்று அவன் குரல் ஸ்பீக்கரில் கீச்சிட்டது. "ஓடுறா. ஓடுற சத்தம். நிறுத்தச் சொல்லுங்க."

"யார் ஓடுறா?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா, அந்தப் பொண்ணு..."

"எனக்குத் தெரியாதா? அவ என் தங்கச்சிடா!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஏன் ஓடுறா? சொல்லு. சொன்னாத்தான் கதவு."

அவன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு நான் யார் என்று உறைத்தது. அழுதான். பிறகு சொன்னான்.

"படில இறங்கினா. நான் லிஃப்ட் மேல நின்னு கூடவே இறங்கினேன். வலைக்கு இந்தப் பக்கம். அவ ஒரு படி இறங்கினா நானும் இறங்குவேன். நின்னா நானும் நிப்பேன். பத்திரமா போறாளான்னு பார்க்கத்தான்க்கா. என்னைப் பார்த்ததும் ஓடினா. எதுக்கு ஓடணும்? நான் சிரிச்சேன், அவ்வளவுதான். விழுந்து கிடந்தா. உயிர் இருந்துச்சு. என்னைப் பார்த்துத் தண்ணி கேட்டா."

"கொடுத்தியா?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன். என்கிட்ட அவ்வளவு நேரம் அவ பேசினதே இல்ல."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். என் கை கைப்பிடியில் கல்லாக இருந்தது. திறக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

விளக்கு கண்ணுக்குத் தாங்காத வேகத்தில் துடித்தது. பிறகு அணையாமல் எரிந்தபடி நின்றுவிட்டது.

அவன் தரையில் உட்கார்ந்தான். மேலே பார்த்தான். கூரையிலிருந்து யாரோ ஏதோ சொல்வதைக் கேட்பது போல அவன் முகம் கூர்ந்தது. இத்தனை நாள் பிடிபடாமல் இருந்த அந்தக் கடைசி வார்த்தை அப்போது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. மைக்கில் அது விழவில்லை. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தை மாதிரி, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டேயிருந்தான்.

டாக்டரம்மா என் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே ஸ்பிரிட் வாசனை மூச்சை முட்டியது. அவனைக் கூப்பிட்டார், உலுக்கினார், காதருகே கைதட்டினார். அவன் திரும்பவில்லை. சோதித்துப் பார்த்தபோது இரண்டு காதிலும் கேட்கிற சக்தியே இல்லை. இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது என்றார். ஆனால் அவன் யாருக்கோ காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

டாக்டரம்மாவும் அந்தப் பெண்ணும் கேட்டதைக் கேட்டபடி காவல் நிலையத்தில் சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். காது கேட்காதவனை, பேச்சும் நின்றுபோனவனை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல், குணமானதும் கொண்டுவரச் சொல்லி அவன் அம்மாவோடு அனுப்பிவைத்தார்கள். வயதான, மரியாதையான பெண்மணி. மகன் என்ன செய்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் மனம் ஏற்கவில்லையோ, அவன் சாமான்களை எடுக்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கூட அக்கா மாதிரி இருந்தீங்களாமே" என்று அழுதார். ஏதாவது என்றால் கூப்பிடுகிறேன் என்று என் மேஜை போன் நம்பரையும் வாங்கிப் போனார்.

அந்தப் பெண் இப்போது லிஃப்டில்தான் வருகிறாள், போகிறாள். வாய்விட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறாள்.

நான் ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டு, அந்த அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். "குட்டி, அக்கா வந்திருக்கேண்டி" என்றேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓவென்று அழுதேன். பழி தீர்ந்தது, போய்விட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் அவன் அம்மா கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு பொண்ணு எங்க வீட்டுக்கு வருது, உங்க கட்டடத்துல வேலை பார்க்கற பொண்ணோன்னு தோணுது. உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"தினமும் எதிர் வாசல்ல வந்து நிக்கும். ஒன்னும் பேசாது. எங்க ஜன்னலையே பார்க்கும். இவன் அது வந்தா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறான். பாவம், மழையில நனையுதேன்னு இன்னிக்கு உள்ள வான்னு கூப்பிட்டேன்."

"வந்தாளா?"

"வந்துச்சு. அவன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. வந்து நேரமாச்சு. சத்தமே இல்ல." அவர் குரல் நடுங்கியது. "யாரும்மா அது? போகச் சொல்லட்டுமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது கேட்குமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"மெலிஞ்சிருக்காளாம்மா?" என்றேன்.

"என்ன?"

"அந்தப் பொண்ணு. பார்க்க எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. சிரிச்ச முகமா. தலையில மட்டும் ஒரு பக்கம் சிவப்பா ஈரமா..." அவர் நிறுத்திக்கொண்டார். "கதவைத் தட்டட்டுமா?"

"தட்டாதீங்க" என்றேன். "அவ இருக்கட்டும்."